திருமானூர் வழியாகப் போன கட்டில்

கல்லங்குறிச்சி,
20.1.2007

அன்புள்ள மாமாவுக்கு,

பரிமளா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டும் வேளைக்குச் சண்டையிட்டுக்கொண்டும் நன்றாக இருக்கிறோம். அங்கே நீங்கள் முதலாவதையாவது தவறாமல் செய்கிறீர்களா என்று எழுதவும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். போன் கூடத்தில் இருக்கிறது. நீங்கள் மலேசியாவிலிருந்து கூப்பிட்டதும் முதலில் அத்தை பேசுவார்கள். பிறகு உங்கள் அப்பா வாங்கி, "கேக்குதா, கேக்குதா" என்பார். அதற்குள் பக்கத்து வீட்டுச் சம்பூர்ணம் அக்கா தீப்பெட்டி கேட்டு வந்து, வந்த வேலையை மறந்து உட்கார்ந்துவிடுவார். என் முறை வரும்போது "ம்", "சரி", "இல்ல" என்ற மூன்று சொற்களை வைத்துக் குடும்பம் நடத்த வேண்டியிருக்கிறது. கடிதத்தில் அந்தத் தட்டுப்பாடு கிடையாது.

பொங்கலன்று நீங்கள் சொன்ன விஷயம். கம்பெனியில் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், மாசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றீர்கள். அத்தை "ஒன் இஷ்டம்ப்பா" என்றார்கள். உங்கள் அப்பா "கேக்குதா" என்றார். நான் "ம்" என்றேன். அந்த "ம்"மை நீங்கள் எந்தப் பக்கம் சேர்த்தீர்கள் என்று தெரியவில்லை. அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன், மறக்காவிட்டால்.

கடைச் செய்தி. தை முகூர்த்தம் ஆரம்பித்துவிட்டதால் உட்கார நேரமில்லை. உட்காரும் சாமான்களை விற்கும் கடையில் வேலைக்காரர்களுக்கு உட்கார ஒரு ஸ்டூல் கிடையாது என்பதை முன்பே எழுதியிருக்கிறேன். எங்கள் முதலாளி அமிர்தலிங்கம் இந்த நாட்டின் மரச்சாமான் வியாபாரத்தைக் கரைத்துக் குடித்தவர். அரியலூரைத் தனி மாவட்டமாக்கிய வருடம், புது ஆபீஸ்களுக்கெல்லாம் மேசை தேவைப்படும் என்று முன்கூட்டியே ஆள் வைத்து மேசைகளாகச் செய்து தள்ளினாராம். பாலிஷ் காய்வதற்குள் மாவட்டத்தை மறுபடி பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். மேசைகள் இன்னும் குடோனில்தான் இருக்கின்றன. திரும்பவும் மாவட்டம் வரப்போகிறது என்று டீக்கடையில் யாராவது பேசினால், அன்றைக்கு அவற்றைத் துடைக்கச் சொல்வார். துடைத்த மறுநாளே சுண்ணாம்புக்கல் லாரிகளின் புழுதி வந்து பழையபடி மூடிவிடும்.

இப்போது அவருக்குப் புது நம்பிக்கை பிறந்திருக்கிறது. அரசாங்கம் வீட்டுக்கு வீடு கலர் டிவி கொடுக்க ஆரம்பித்திருக்கிறது அல்லவா? அந்த டிவியை எதன் மேல் வைப்பது என்று அரசாங்கம் சொல்லவில்லை. அந்த இடைவெளியில் எங்கள் முதலாளி நுழைந்துவிட்டார். கடை வாசல் முழுக்க டிவி ஸ்டாண்ட்தான்.

சோபாவும் நன்றாகப் போகிறது. வாங்குகிறவர் உட்காருவதில்லை என்பதுதான் ஆச்சரியம். பெண்ணுக்குச் சீர் கொடுக்கும் தகப்பனார் வாங்குகிறார், பெண்ணின் மாமியார் பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமல் வைத்திருக்கிறார், விருந்தாளி வந்தால் பிளாஸ்டிக் நாற்காலி போடுகிறார்கள். வீட்டுக்காரர் தரையில் உட்கார்ந்து சோபாவில் முதுகைச் சாய்த்துக்கொள்கிறார். இவ்வளவு விலையில் முதுகு சாய ஒரு சாமான் வேறு எந்த நாட்டிலும் விற்றிருக்காது.

மரத்தைப் பற்றி வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான். "தேக்கா?" என்பார்கள். நான் "மலேசியா" என்பேன். அதுவும் ஒரு மரத்தின் பெயர் என்று நினைத்து மரியாதையாகத் தலையாட்டிவிட்டு வாங்கிப் போகிறார்கள். ரப்பர் மரம் என்று உண்மையைச் சொன்னால் விரலால் அழுத்திப் பார்க்கிறார்கள்.

இப்போது சொல்ல வந்தது. போன வாரம் வந்த கட்டில் பெட்டிகளின் மேல் மூவார் என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. உங்கள் முகவரியில் எழுதி எழுதிப் பழகிய ஊர்ப்பெயர். கம்பெனிப் பெயரும் உங்கள் கம்பெனியுடையதேதான். துளை போடும் பிரிவில் வேலை என்று எழுதியிருந்தீர்களே, அந்தக் கட்டிலில் உள்ள துளைகள் நீங்கள் போட்டவையாக இருக்கலாம். ஒரு பெட்டியைப் பிரித்து மாட்டும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். துளைகள் எல்லாம் சரியான இடத்தில் இருந்தன. வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறீர்கள்.

பொங்கலுக்கு முதலாளி ஓர் எக்ஸ்சேஞ்ச் மேளா போட்டிருக்கிறார். பழைய சாமானைக் கொடுத்துப் புதியதை வாங்கிக்கொள்ளலாம், கடையில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னும் சலுகை. நம் அறையில் உள்ள கட்டிலின் ஒரு காலைக் கறையான் அரித்துவிட்டது. அடியில் செங்கல் வைத்திருக்கிறேன். நான் பாயில்தான் படுக்கிறேன் என்பதால் கட்டிலுக்கும் எனக்கும் தகராறு இல்லை. இருந்தாலும் அதைக் கொடுத்துவிட்டு உங்கள் கம்பெனிக் கட்டிலை வாங்கலாம் என்று தோன்றுகிறது. கூடவே பீரோவையும் அனுப்பினால் துருவைச் சுரண்டி இலவசமாகப் பெயின்ட் அடித்துத் தருவார்கள். அத்தை ஜெயங்கொண்டத்தில் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். உங்கள் அப்பாவிடம் கேட்டேன். நன்றாகத் தலையாட்டினார்.

கையெழுத்து விஷயம் எழுத நினைத்தேன். தாள் முடிந்துவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
பரிமளா


கல்லங்குறிச்சி,
9.2.2007

அன்புள்ள மாமாவுக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் உங்கள் வீட்டில்தான் இருக்கிறேன். உங்கள் வீட்டை விட்டுப் போனது கட்டிலும் பீரோவும்.

அன்று சாயங்காலம் நீங்கள் போனில், "கட்டிலக் கொண்டுபோயிட்டாங்களாமே?" என்று கேட்டீர்கள். நான் "ஆமா" என்றேன். "பீரோவயுமா?" என்றீர்கள். அதற்கும் "ஆமா" என்றேன். இரண்டும் உண்மை. "ஏன்?" என்றீர்கள். "கறையான்" என்று சொல்ல வாயெடுத்தேன், லைன் போய்விட்டது. கடல் தாண்டி இருக்கிற மனிதருக்கு இதைவிட மோசமாக ஒரு செய்தியைச் சொல்லியிருக்க முடியாது. மறுநாள் அத்தை உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகச் சொன்னார்கள். ஆனால் அத்தை அன்று கூடத்தில் தாம் சொன்னதை மட்டும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நடந்தது இதுதான். போன வாரம் வியாழக்கிழமை காலையில் கடையின் மினி லாரி வந்தது. அத்தை அன்றும் ஜெயங்கொண்டத்தில்தான் இருந்தார்கள். கட்டிலைக் கழற்றி, மெத்தையைச் சுருட்டி, பீரோவை நிறுத்திக் கயிறு கட்டிவிட்டு, நானும் அதிலேயே ஏறிக் கடை வாசலில் இறங்கிக்கொண்டேன். லாரியில் ஏற்கெனவே ஒரு சோபா செட் இருந்தது, திருமானூரில் ஒரு கல்யாண வீட்டுக்கு. நம் சாமானை இறக்கிவிட்டுத் திருமானூர் போவதுதான் முறை. ஆனால் எங்கள் குடோனில் மேசைகள் இருக்கின்றன, அந்த மாவட்ட மேசைகள். இடம் ஒதுக்கும்வரை எதற்கு நிற்பது, போய் வந்து இறக்கு என்று முதலாளி டிரைவரை அனுப்பிவிட்டார்.

திருமானூர் என் ஊர் என்பது எனக்குத் தெரியும். கட்டிலுக்கு அது பிறந்த வீடு என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை. தினமும் பத்துக் கட்டில் ஏற்றி அனுப்புகிறவளுக்குக் கட்டில் ஒரு சாமான், அவ்வளவுதான். நம் பக்கத்தில் பெண்ணோடு போன கட்டிலும் பீரோவும் திரும்பி வந்தால், பெண்ணும் பின்னால் வருகிறாள் என்று அர்த்தம் என்பதை, மரச்சாமான் கடையில் மூன்று வருடமாக வேலை செய்யும் நான்தான் மறந்திருக்கிறேன்.

பீரோவின் கண்ணாடிக்கு மேலே எங்கள் அப்பா ஆள் வைத்து எழுதியது நினைவிருக்கும். "திருமானூர் ம. நடராசன் மகள் பரிமளாவுக்கு அன்பளிப்பு" என்று, சிவப்பில், தெருக்கோடியிலிருந்து படிக்கிற அளவில். அந்தப் பீரோ கண்ணாடி பளபளக்க லாரியில் நின்றபடி ஊருக்குள் நுழைந்திருக்கிறது. டிரைவர் கல்யாண வீட்டுக்கு வழி கேட்க பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நிறுத்தியிருக்கிறார். உள்ளே எங்கள் அப்பா.

முதலில் பார்த்தது அப்பா இல்லை. பக்கத்தில் இருந்தவர், "என்னா நடராசா, ஒம்பொண்ணு சீரு திரும்பி வருது போலருக்கு?" என்றாராம். அப்பா எழுந்து வந்து தன் பெயரைத் தானே ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டு, டிரைவரிடம் இது எங்கிருந்து வருகிறது என்று கேட்டிருக்கிறார். டிரைவர் நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாதவர். "கல்லங்குறிச்சிங்க. அந்த வூட்ல வேணாம்னு குடுத்துட்டாங்க" என்று சொல்லியிருக்கிறார்.

சாயங்காலம் நான் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது வாசல் நிறையச் செருப்பு. உங்கள் அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து ஓடி வந்தேன். உங்கள் அப்பா செருப்புகளுக்கு நடுவில் நின்று, எல்லாருடைய பேச்சுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். எனக்குக் கிடைத்த ஒப்புதல் எந்த மாதிரியான தலையாட்டல் என்று அப்போதுதான் புரிந்தது.

கூடத்தில் எங்கள் அப்பா, தாய்மாமா அய்யம்பெருமாள், இன்னும் ஒரு வேன் ஆட்கள். நான் வருவதற்குள் உங்களுக்குத் தகவல் சொல்லி, இங்கே கூப்பிடச் சொன்னதும் மாமாதான். அன்று மத்தியானம்தான் ஊரிலிருந்து வந்து சேர்ந்திருந்த அத்தை, இடுப்பில் கை வைத்து நின்றார்கள்.

அப்பா சொன்னது: "எம்பொண்ணு வேணாம்னா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. நான் வந்து அழச்சிட்டுப் போறேன். அதுக்கு எதுக்கு எம்பேர லாரில ஏத்தி ஊரு சுத்த விட்டீங்க?"

அத்தை: "யாருங்க வேணாம்னது? எங்க வூட்லேர்ந்து ஒரு துரும்பு வெளிய போவல."

அய்யம்பெருமாள் மாமா: "அப்ப பீரோ தானா பஸ் ஏறி வந்துச்சா, சம்பந்தி?"

அத்தை நம் அறைக் கதவைத் திறந்து பார்த்தார்கள். செங்கல் மட்டும் இருந்தது. அத்தை திரும்பி என்னைப் பார்த்தார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் எக்ஸ்சேஞ்ச் மேளாவை விளக்கினேன். பழையதைக் கொடுப்பது, புதியதை வாங்குவது, இலவச பெயின்ட். கடையில் இதே விளக்கத்தைச் சொல்லி எத்தனையோ பேரை மடக்கியிருக்கிறேன். அன்று ஒருவரும் மடங்கவில்லை. "சீர்க் கட்டில யாராச்சும் எக்ஸ்சேஞ்சு பண்ணுவாங்களா?" என்றார் மாமா. தீப்பெட்டியோடு வந்திருந்த சம்பூர்ணம் அக்கா, "இன்னிக்குக் கட்டில மாத்துறவ நாளைக்கு எத மாத்துவாளோ" என்று தூணிடம் சொன்னார். "கல்யாணமாகி நாலாவது வருசம், வூட்ல ஒரு விசேஷமும் இல்ல, மனசு வேற எடத்துல இருந்தா இப்புடித்தான்" என்று வேனில் வந்த யாரோ ஒருவர் சொன்னார்.

அப்போது அத்தை பேசினார்கள். அதைத்தான் அப்படியே எழுத வேண்டும் என்று நினைத்தேன். சத்தம் போடவில்லை. நின்ற இடத்திலேயே நின்று சொன்னார்கள்:

"ஏங்க, ஒரு கட்டிலு போயிருச்சின்னு ஒரு வண்டி ஆளு வந்திருக்கீங்க. சந்தோசம். அதுல படுக்க வேண்டியவன் போயி மூணு வருசமாவுது. அத கேக்க இந்த வாசல்ல ஒரு செருப்பு கழண்டுச்சா? விசேஷம் இல்லன்னு சொல்றீங்களே, போன்லயா விசேஷம் வரும்? இந்தப் புள்ள பாயில படுக்குது. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நானும் 'ஒன் இஷ்டம்ப்பா'ன்னுதான் சொன்னேன். பேச வந்துட்டீங்க."

அதற்கு உங்கள் அப்பாகூடத் தலையாட்டவில்லை. சம்பூர்ணம் அக்கா தீப்பெட்டியை வைத்துவிட்டே போய்விட்டார். போன் அடித்ததும் நீங்கள் கேட்டதும் நான் "ஆமா" என்றதும் அதற்கு அப்புறம்தான். அந்தக் கூடத்தில் நின்றுகொண்டு எனக்கு வேறு என்ன வரும்?

அத்தை எல்லாருக்கும் உப்புமா கிண்டினார்கள். எங்கள் அப்பா சாப்பிடவில்லை, தண்ணீர் மட்டும் குடித்தார். வேனில் ஏறும்போது என்னைத் தனியாக அழைத்து, "ஒனக்கு ஒண்ணும் கொறயில்லியே தாயி?" என்றார். கொறயில்லை என்றேன். "பின்ன ஏன் அந்தக் கட்டில வித்த?" என்றார். கறையான் என்றேன். அப்பா நான் சொன்னதை நம்பிவிட்டார், அதுதான் எனக்குக் கஷ்டமாகப் போய்விட்டது.

பீரோ திரும்பி வந்துவிட்டது. பெயின்ட் அடிக்க வேண்டாம், உடனே வர வேண்டும் என்று இரண்டு சம்பந்திகளும் ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். அது போன வழியிலேயே வர வேண்டும் என்றார் மாமா. ஆகவே லாரி அரியலூரிலிருந்து திருமானூர் போய், டீக்கடை முன்னால் ஹாரன் அடித்து நின்று, அப்பா பீரோவுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, திரும்ப இங்கே வந்தது. நம் தெருவில் எல்லாரும் வெளியே வந்து பார்த்தார்கள். ராமநவமித் தேருக்குக்கூட இவ்வளவு பேர் சீக்கிரமாக வாசலுக்கு வந்து நான் பார்த்ததில்லை.

கட்டில்தான் திரும்பவில்லை. நானே முதலாளியிடம் கேட்டேன். பாண்டிச்சேரியிலிருந்து பழைய சாமான் வாங்குகிற ஒருவர் வந்திருந்தாராம், பார்த்ததும் எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். நாலு வருடக் கட்டில் எப்படிப் பழையதாகும் என்றேன். "கறையான் அரிச்ச காலு ஒண்ணு போதும்மா. நூறு வருசம் சொல்லலாம்" என்றார். அது வெள்ளைக்காரர் வீட்டுக்குக் கப்பலில் போகப்போகிறதாம். "அவனுக்கு நம்ம பழசு வேணும், நமக்கு வெளிநாட்டுப் புதுசு வேணும். நடுவுல நான் ஒருத்தன் வேணும்" என்றார். உலக வர்த்தகத்தை இவ்வளவு சுருக்கமாக நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. எப்படியோ, மூன்று வருடமாக ஆள் சூடு அறியாத நம் கட்டிலில் இனி யாராவது படுப்பார்கள்.

புதுக் கட்டில் வந்துவிட்டது. அட்டைப் பெட்டியில், பலகை பலகையாக. நம் அறைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். மாட்டிக் கொடுக்கக் கடையில் ஆள் உண்டு, இலவசம்தான். முதலாளி தினமும், "ஆள அனுப்பட்டுமா பரிமளா?" என்கிறார். "ஆள் இருக்கு சார், வரணும்" என்று சொல்லியிருக்கிறேன்.

பெட்டியின் மேல் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. எப்படி மாட்டுவது என்று. எந்த நாட்டுக்காரருக்கும் புரிய வேண்டும் என்பதற்காக ஓர் எழுத்துக்கூட இல்லாமல் முழுக்கப் படமாகப் போட்டிருக்கிறார்கள். முதல் படத்தில் ஒருவர் பலகையைப் பிடித்துக்கொண்டு தனியாக நிற்கிறார். அவர் மேல் குறுக்கே பெரிதாக ஒரு கோடு. பக்கத்துப் படத்தில் இரண்டு பேர், ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்திருக்கிறார்கள். அதன் மேல் கோடு இல்லை. அத்தையிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "நான் சொன்னதத்தான் போட்டுருக்கான்" என்றார்கள்.

உங்கள் கம்பெனிதான் இந்தத் தாளை அச்சடித்து நாடு நாடாக அனுப்புகிறது. உங்களிடம் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துக் கேட்பதும் அதே கம்பெனிதான். கேட்கிறவர்கள் தாங்கள் அனுப்பும் தாளைப் பார்ப்பதில்லை போலிருக்கிறது. நீங்கள் பார்க்க வேண்டும் என்று அதில் ஒரு பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். மாசி முடிய இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. நிதானமாகப் பாருங்கள்.

நேற்று பெருமாள் கோயிலுக்கு அத்தையும் நானும் போனோம். என்ன வேண்டிக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் என்னைக் கேட்கவில்லை. தேங்காயை மட்டும் ஒரே தட்டில் வைத்துக் கொடுத்தோம்.

துளை போடும் மெஷினில் வேலை செய்யும்போது விரல்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே திருகாணிகள் நிறைய இருக்கின்றன. அவற்றை முடுக்குகிற வளைந்த சாவியை என் தாலிக்கயிற்றில் கோத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டிலிருந்து,
பரிமளா